பாப்போவர்

பாப்போவர் என்பது முட்டை, பால், கோதுமை மாவு ஆகியவற்றைச் சேர்த்து நீர்க்கக் கரைத்த மாவுக்கரைசலைச் சிறு கிண்ணங்களில் ஊற்றி, ஓவனில் மிகுந்த வெப்பத்தில் வெதுப்பிச் செய்யப்படும், உள்ளே வெற்றிடம் கொண்ட ஒரு சிறு ரொட்டி வகை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் உருவான இவ்வுணவு, இங்கிலாந்தின் யார்க்‌ஷையர் புட்டிங் என்னும் உணவுக்கு மிக நெருங்கிய உறவுடையது. நன்கு வெந்த பாப்போவரின் வெளிப்புறம் பொன்பழுப்பு நிறத்துடன் மொறுமொறுப்பாகவும், உட்புறம் சற்றே ஈரப்பதத்துடன் மென்மையாகவும் இருக்கும். அளவில் பெரிதாகத் தோன்றினாலும் கையில் எடுத்தால் எடையற்றது போல் இருப்பது இதன் சிறப்பியல்பு.

பாப்போவரில் ஈஸ்ட், சமையல் சோடா, பேக்கிங் பவுடர் போன்ற உப்பவைக்கும் பொருட்கள் எவையும் சேர்க்கப்படுவதில்லை. கரைசலில் உள்ள நீர் ஆவியாக மாறி விரிவது ஒன்றே இதனை உப்பச் செய்கிறது. எனவே செய்முறை எளிமையானதாகத் தோன்றினாலும், வெப்பநிலையிலோ நேரத்திலோ தவறு நேர்ந்தால் அதனை ஈடுசெய்ய வேறு பொருள் எதுவும் கரைசலில் இல்லை. பாப்போவர் ஒன்று உயர்ந்து நிற்கும், அல்லது அமுங்கிவிடும்.

பெயர்க்காரணம்

ஆங்கிலத்தில் இப்பெயர், வேகும்போது மாவு திடீரென உப்பிக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி மேலெழுவதைக் குறிப்பதாகும். விளிம்பைத் தாண்டிய பகுதி ஒருபுறம் சாய்ந்தோ, காளான் குடை போல விரிந்தோ காணப்படும். ஒரே தட்டில் வெந்த பாப்போவர்கள்கூட ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. இவ்வொழுங்கின்மை குறையாகக் கருதப்படுவதில்லை.

வரலாறு

இறைச்சியை நெருப்பின் முன் சுட்டு வாட்டும்போது அதிலிருந்து சொட்டும் கொழுப்பை வீணாக்காமல், அதன் கீழே வைத்த தட்டில் மாவுக்கரைசலை ஊற்றி வேகவைக்கும் வழக்கம் 18 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தது. 1737 இல் வெளிவந்த சமையல் நூலொன்றில் இது கொழுப்புச்சொட்டு புட்டிங் என்ற பொருள்படும் பெயரில் இடம்பெற்றது. 1747 இல் ஹானா கிளாஸ் வெளியிட்ட சமையல் நூல் இதனை யார்க்‌ஷையர் புட்டிங் என்ற பெயரில் பரவலாக அறியச் செய்தது.

அமெரிக்காவில் இதே வகைக் கரைசலை இறைச்சிக் கொழுப்பு இன்றி, வெண்ணெய் தடவிய தனித்தனிக் கிண்ணங்களில் வெதுப்பும் முறை 19 ஆம் நூற்றாண்டில் வழக்கத்துக்கு வந்தது. பாப்போவர் என்னும் சொல் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து எழுத்தில் காணப்படுகிறது. மேரி ஹென்டர்சன் எழுதி 1870களில் வெளிவந்த சமையல் நூல், இதன் செய்முறையை அச்சில் தந்த தொடக்ககால நூல்களுள் ஒன்று. பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரில் இயங்கிய கிரிஸ்வோல்ட் நிறுவனம் போன்ற வார்ப்பிரும்புப் பாத்திரத் தயாரிப்பாளர்கள், இதற்கெனவே ஆழமான குழிகள் கொண்ட தட்டுகளைச் செய்து விற்றனர். அத்தட்டுகளைப் பழம்பொருள் சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குகின்றனர்.

புகழ்பெற்ற இடங்கள்

மெயின் மாநிலத்தின் அகேடியா தேசியப் பூங்காவில் உள்ள ஜோர்டன் பாண்ட் ஹவுஸ் என்னும் உணவகம் பாப்போவருக்குப் பெயர் பெற்றது. 1895 இல் தாமஸ் மெக்கின்டயரும் அவருடைய மனைவி நெல்லியும் இதன் பொறுப்பை ஏற்று நடத்தத் தொடங்கினர். ஏரியை நோக்கிய புல்வெளியில் அமர்ந்து தேநீருடன் சூடான பாப்போவரை வெண்ணெயும் ஸ்ட்ராபெரி ஜாமும் தடவி உண்ணும் வழக்கம் அவர்கள் காலத்தில் வேரூன்றியது. பழைய கட்டடம் 1979 இல் தீ விபத்தில் அழிந்தது. 1982 இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது பாப்போவரும் தேநீரும் திரும்பின.

நீமன் மார்க்கஸ் என்னும் பல்பொருள் அங்காடியின் உணவகங்களில் ஸ்ட்ராபெரி கலந்த வெண்ணெயுடன் பாப்போவர் பரிமாறப்படுவது நெடுங்கால வழக்கம். 1955 இல் அந்நிறுவனத்தின் உணவுப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஹெலன் கார்பிட்டின் பெயர் இவ்வழக்கத்துடன் சேர்த்துச் சொல்லப்படுகிறது. நியூயார்க்கில் 2004 இல் தொடங்கப்பட்ட பி.எல்.டி. ஸ்டேக் உணவகத்தில், க்ருயேர் பாலாடைக்கட்டி தூவிய பெரிய பாப்போவர்கள் உணவுக்கு முன் ரொட்டிக்குப் பதிலாக வழங்கப்பட்டுப் புகழ்பெற்றன.

உப்புதலின் அறிவியல்

ஒரு கிராம் நீர் 100 பாகை செல்சியஸில் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,700 மடங்காகிறது. பூரி எண்ணெயில் உப்புவதற்கும் இதுவே காரணம். பூரியில் இரு மெல்லிய அடுக்குகளுக்கு இடையே ஆவி சிக்குகிறது. பாப்போவரிலோ நீர்மமாக உள்ள கரைசலே ஆவியைப் பிடித்துவைக்கும் பையாக மாறவேண்டும். இந்நிகழ்வைப் பின்வரும் கட்டங்களாகப் பிரித்து நோக்கலாம்.

1. கரைசல் சூடான கிண்ணத்தைத் தொட்டவுடன் சுவரை ஒட்டிய பகுதியும் மேற்பரப்பும் முதலில் இறுகத் தொடங்குகின்றன. நடுப்பகுதி இன்னும் நீர்மமாகவே இருக்கும்.

2. உட்பகுதியில் நீர் கொதித்து ஆவியாகிறது. கரைசல் நீர்த்திருப்பதால் ஆவி பல சிறு குமிழ்களாகத் தங்காமல் ஒன்றுசேர்ந்து ஒரு பெருங்குமிழாகிறது. கேக்கில் காணப்படும் நுண்துளைகள் பாப்போவரில் இல்லாமல், நடுவே ஒரு பெரிய வெற்றிடம் ஏற்படுவது இதனாலேயே ஆகும்.

3. மாவிலுள்ள குளூட்டன் என்னும் புரதமும் முட்டைப் புரதமும் சேர்ந்த படலம், ஆவியின் அழுத்தத்துக்கு ஈடுகொடுத்துக் கிழியாமல் நீள்கிறது. கரைசல் விளிம்பைத் தாண்டி எழுவது இக்கட்டத்தில்தான்.

4. முட்டைப் புரதங்கள் சுமார் 60 முதல் 80 பாகை வரையிலான வெப்பநிலையில் படிப்படியாக உறைகின்றன. மாவிலுள்ள மாச்சத்தும் நீரை உறிஞ்சிக் களியாகிறது. நீண்ட படலம் இவ்வாறு நிலையான சுவராக மாறுகிறது.

5. இறுதியில் சுவரிலுள்ள ஈரம் வெளியேறி மேற்பரப்பு உலர்கிறது. 100 பாகையைத் தாண்டிய உலர்ந்த மேற்பரப்பில் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தோன்றுகின்றன. இது மயார் வினை எனப்படும்.

இவற்றுள் நான்காம், ஐந்தாம் கட்டங்கள் முடியும் முன் பாப்போவரை வெளியே எடுத்தால், உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகிறது. உள்ளழுத்தம் திடீரெனக் குறைய, ஈரமான சுவர் தன் எடையைத் தாங்க இயலாமல் உள்நோக்கி அமுங்குகிறது. பாப்போவர் உப்புவது முதல் 20 நிமிடங்களில் நடந்துவிடுகிறது. உப்பியபடியே நிற்பதா என்பது அதன்பின் வரும் 15 நிமிடங்களில் முடிவாகிறது.

தேவையான பொருட்கள்

ஆறு பெரிய பாப்போவர்களுக்கான பொதுவான அளவு:

- மைதா அல்லது அனைத்துப் பயன்பாட்டுக் கோதுமை மாவு: 120 கிராம்
- கொழுப்பு நீக்காத பால்: 240 மில்லி லிட்டர்
- முட்டை: ஓடு நீக்கிய எடை சுமார் 100 கிராம் (அமெரிக்கப் பெரிய அளவு முட்டை இரண்டு)
- உருக்கிய வெண்ணெய்: 1 மேசைக்கரண்டி
- உப்பு: அரைத் தேக்கரண்டி
- கிண்ணங்களில் தடவ நெய் அல்லது மணமற்ற சமையல் எண்ணெய்

அமெரிக்க நூல்களில் இது ஒரு கப் மாவு, ஒரு கப் பால், இரண்டு முட்டை என்று சுருக்கமாகத் தரப்படும். முட்டையின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், எண்ணிக்கையை விட எடையைப் பின்பற்றுவது நல்லது. சிறிய முட்டைகளாயின் மூன்று தேவைப்படலாம்.

முட்டையின் வெண்கரு சுவருக்கு உறுதியைத் தருகிறது. மஞ்சள் கரு நிறத்தையும் சுவையையும் தருவதோடு, கொழுப்பும் நீரும் பிரியாமல் கலந்திருக்கவும் உதவுகிறது. பாலிலுள்ள சர்க்கரையும் புரதமும் பழுப்பு நிறத்துக்குத் துணைசெய்கின்றன. பாலின் ஒரு பகுதிக்குப் பதிலாக நீர் சேர்த்தால் ஓடு மேலும் மொறுமொறுப்பாகும், ஆனால் நிறமும் சுவையும் சற்றுக் குறையும். வெண்ணெயை அளவுக்கு மீறிச் சேர்த்தால் குளூட்டன் பிணைப்பு தளர்ந்து உயரம் குறையும்.

பாத்திரம்

பாப்போவருக்கென விற்கப்படும் தட்டில், ஆழம் மிகுந்த, ஏறத்தாழச் செங்குத்தான சுவர்களைக் கொண்ட ஆறு கிண்ணங்கள் கம்பிச் சட்டத்தால் இணைக்கப்பட்டிருக்கும். கிண்ணங்களுக்கு இடையே இடைவெளி இருப்பதால் சூடான காற்று ஒவ்வொன்றையும் சுற்றி வருகிறது. ஆழமும் செங்குத்தான சுவரும் கரைசலைப் பக்கவாட்டில் விரியவிடாமல் மேல்நோக்கிச் செலுத்துகின்றன.

இத்தட்டு இல்லாதவர்கள் மஃபின் தட்டைப் பயன்படுத்தலாம். அதன் 12 குழிகளையும் நிரப்பாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக நிரப்பினால், மேலெழும் பாப்போவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளா. உயரம் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணங்களை வெறுமையாகச் சூடாக்கிப் பின் குளிர்ந்த கரைசலை ஊற்றினால் அவை வெடிக்கக்கூடும். அவ்வகைக் கிண்ணங்களை முன்சூடாக்காமல் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

செய்முறை

1. முட்டையையும் பாலையும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரவேண்டும். பாலைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் சூடாக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும்.

2. முட்டையை நுரை பொங்காமல் அடித்து, பால், உருக்கிய வெண்ணெய், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்கவேண்டும். பின்னர் மாவைச் சேர்த்துப் பெரிய கட்டிகள் கரையும் வரை அடிக்கவேண்டும். கடுகளவுக் கட்டிகள் எஞ்சியிருந்தால் தவறில்லை. கரைசல் ஊற்றினால் தடையின்றி ஒழுகும் பதத்தில், தோசை மாவை விட நன்கு நீர்த்து இருக்கவேண்டும்.

3. கரைசலை மூடி அரைமணி நேரம் வைக்கவேண்டும். முட்டை கலந்த கரைசலை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. முன்கூட்டியே கரைத்துவைப்பதாயின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஊற்றுவதற்கு முன் குளிர் நீங்கச் செய்யவேண்டும்.

4. ஓவனின் கீழ்ப்பகுதித் தட்டில் பாத்திரத்தை வைத்து, ஓவனை 230 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கவேண்டும். விசிறி உள்ள ஓவனாயின் 20 பாகை குறைத்துக்கொள்ளலாம். மேலெழும் பாப்போவர் முகட்டுக் கம்பியைத் தொடாத அளவுக்கு மேலே இடம் விடவேண்டும்.

5. சூடான பாத்திரத்தை வெளியே எடுத்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் அரைத் தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய் விட்டுச் சுவர்களில் படரச் செய்யவேண்டும். வெண்ணெய் இவ்வெப்பத்தில் கருகும்.

6. குவளை ஒன்றில் எடுத்த கரைசலைக் கிண்ணங்களில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விரைவாக ஊற்றி, உடனே ஓவனுக்குள் வைக்கவேண்டும்.

7. 230 பாகையில் 20 நிமிடங்கள் வெதுப்பியபின், கதவைத் திறவாமலேயே வெப்பநிலையை 180 பாகைக்குக் குறைத்து மேலும் 15 முதல் 20 நிமிடங்கள் வெதுப்பவேண்டும். வெளிர் மஞ்சள் நிறம் போதாது. பக்கச் சுவர்களும் ஆழ்ந்த பழுப்பு நிறம் பெற்றுத் தொட்டால் விறைப்பாக இருக்கவேண்டும்.

8. வெளியே எடுத்தவுடன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூரிய கத்தி முனையால் ஒரு துளையிட்டு ஆவியை வெளியேற்றவேண்டும். இல்லையேல் அது உள்ளேயே நீராகி ஓட்டை நமுத்துப்போகச் செய்யும். துளையிடும்போது கொதிஆவி பீறிட்டு வரும் என்பதால் முகத்தையும் விரல்களையும் விலக்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

குறைபாடுகளும் காரணங்களும்

உப்பவே இல்லை: ஓவன் போதிய வெப்பம் அடையவில்லை, அல்லது கரைசல் மிகக் குளிர்ந்தோ கெட்டியாகவோ இருந்தது. வீட்டு ஓவன்களின் திருகியில் குறிக்கப்பட்ட வெப்பநிலையும் உள்ளிருக்கும் உண்மையான வெப்பநிலையும் வேறுபடுவது உண்டு. உள்ளே வைக்கும் சிறு வெப்பமானி இக்குழப்பத்தைத் தீர்க்கும்.

உப்பி, வெளியே எடுத்ததும் அமுங்கியது: சுவர் உலரவில்லை. அடுத்த முறை இரண்டாம் கட்ட நேரத்தை 5 நிமிடங்கள் கூட்டவேண்டும்.

ஓவனிலேயே அமுங்கியது: வேகும் நடுவில் கதவு திறக்கப்பட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

வெளியே கருகி உள்ளே மாவாக இருந்தது: முதற்கட்ட வெப்பம் நீண்ட நேரம் நீடித்தது, அல்லது பாத்திரம் மேல் கம்பிக்கு மிக அருகில் இருந்தது.

பாத்திரத்தில் ஒட்டியது: நெய் போதவில்லை, அல்லது கிண்ணம் சூடாகும் முன் கரைசல் ஊற்றப்பட்டது.

உள்ளே சற்று ஈரமான இழைகள் இருப்பது குறைபாடு அன்று. அது பாப்போவரின் இயல்பு.

பரவலான கருத்துகள்

பாப்போவரைப் பற்றிச் சமையல் நூல்கள் ஒன்றுக்கொன்று முரணான விதிகளைக் கூறுகின்றன. பாத்திரத்தைக் கட்டாயம் முன்சூடாக்கவேண்டும் என ஒரு சாராரும், குளிர்ந்த ஓவனில் வைத்துத் தொடங்கினாலே போதும் என மற்றொரு சாராரும் எழுதுவர். இரண்டு முறைகளிலும் பாப்போவர் உப்பும். விரைவாகச் சூடேறும் ஓவனில், கரைசல் இறுகும் முன்பே உள்ளே ஆவி உருவாகிவிடுவதால் குளிர்ந்த தொடக்கம் பலிக்கிறது. மெதுவாகச் சூடேறும் ஓவனில் ஓடு முந்திக்கொண்டு இறுகிவிடும். தன் ஓவன் எத்தகையது எனத் தெரியாதவருக்கு முன்சூடாக்குவதே நம்பத்தக்க வழி.

கரைசலை ஊறவைப்பது கட்டாயம் என்பதும் அவ்வாறே. ஊறினால் மாவு நீரை உள்வாங்கிக் கரைசல் சீராகிறது. ஆனால் ஊறவைக்காத கரைசலும் உப்பவே செய்யும். இதற்கு மாறாக, வெதுப்பும் நேரத்தில் சலுகை எடுத்துக்கொள்ள இயலாது.

வகைகள்

துருவிய பாலாடைக்கட்டி, மிளகுத்தூள், பூண்டு, நறுக்கிய மூலிகை இலைகள் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் கார வகைகள் உண்டு. பாலாடைக்கட்டியைக் கரைசலில் கலப்பதை விட மேலே தூவுவது உயரத்தைக் காக்கும். இலவங்கப்பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிய இனிப்பு வகைகள் காலை உணவாக உண்ணப்படுகின்றன. முழுக்கோதுமை மாவிலுள்ள தவிடு குளூட்டன் படலத்தைக் கிழிப்பதால், மைதாவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதனை மாற்றாகச் சேர்த்தால் பாப்போவர் குட்டையாகிவிடும்.

தொடர்புடைய உணவுகள்

யார்க்‌ஷையர் புட்டிங்: இறைச்சிக் கொழுப்பில் வெதுப்பப்பட்டு, வாட்டிய மாட்டிறைச்சியுடனும் குழம்புடனும் பரிமாறப்படுவது. இது குறைந்தது 4 அங்குல உயரம் இருக்கவேண்டும் என 2008 இல் பிரித்தானிய வேதியியல் வேந்தியக் கழகம் வேடிக்கையாக வரையறுத்தது.

டச்சு பேபி: இதே வகைக் கரைசலைப் பெரிய வார்ப்பிரும்பு வாணலியில் ஒரே அப்பமாக வெதுப்புவது. சியாட்டில் நகரின் மான்கா உணவகத்துடன் தொடர்புடையது.

ஷூ மாவு: இதுவும் ஆவியால் உப்பி உள்வெற்றிடம் பெறுவதே. ஆனால் மாவை அடுப்பில் கிளறி வேகவைத்தபின் முட்டை சேர்க்கப்படுவதால் கெட்டியாக இருக்கும்.

பரிமாறுதலும் பாதுகாத்தலும்

பாப்போவர் ஓவனிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குள் உண்ணப்படவேண்டியது. கத்தியால் வெட்டாமல் கையால் பிட்டு, உள்ளிருக்கும் வெற்றிடத்தில் வெண்ணெய், ஜாம், தேன் ஆகியவற்றை இடுவது வழக்கம். வெற்றிடத்தில் கோழிக்கறிக் கலவை, முட்டைப் பொரியல் போன்றவற்றை நிரப்பி முழு உணவாகவும் உண்பர்.

மிஞ்சியவற்றை நன்கு ஆறவிட்டுக் காற்றுப்புகாத பையில் இட்டு உறைநிலையில் வைக்கலாம். மீண்டும் 180 பாகை ஓவனில் 5 முதல் 8 நிமிடங்கள் சூடாக்கினால் மொறுமொறுப்பு பெருமளவு திரும்பும். நுண்ணலை அடுப்பில் சூடாக்கினால் ஓடு தோல் போல் இழுபடும்.

முட்டை, பால், கோதுமை ஆகிய மூன்றும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. குளூட்டன் ஒவ்வாத செலியாக் நோயுடையோருக்கு வழக்கமான பாப்போவர் உகந்ததன்று. வேகாத கரைசலில் பச்சை முட்டையும் பச்சை மாவும் இருப்பதால் அதனைச் சுவைத்துப் பார்ப்பதைத் தவிர்க்கவேண்டும்.

இவற்றையும் பார்க்க

- யார்க்‌ஷையர் புட்டிங்
- மஃபின்
- பூரி
- மயார் வினை
- குளூட்டன்